அத்தைக்கு முட்டி வலி

“என்னை யாரும் பிடிக்க வேண்டாம். நானே இறங்கிக்கறேன்!”

கார் கதவைத் திறந்து கை நீட்டிய கணவனிடம் டீச்சர் சீறினாள். பள்ளியில் அவள் விளையாட்டு ஆசிரியை. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து பாதங்கள் இரண்டும் மரத்துக் கிடந்தன. காலடியில் தரை இருக்கிறதா இல்லையா என்றே சில நேரம் தெரியாது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எலும்பு முறியாமல் தப்பியதே பெரிய விஷயம். “இன்னொரு தடவை விழுந்து எதையாவது முறிச்சுக்கிட்டீங்கன்னா, சிகிச்சையே தள்ளிப் போயிடும்” என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதற்காக ஆளாளுக்குப் பிடித்துத் தொங்குவதா? ரோஷம் மட்டும் அவளுக்கு மரத்துப் போகவில்லை.

பின்சீட்டிலிருந்து மாமியார் முனகினாள். “என்னையாவது பிடிச்சுக்கோம்மா. இந்தப் பாழாப்போன முட்டி ஒரு அடி வைக்க விடுதா?”

“வாங்க அத்தே, மெதுவா. நோயாளி நானா, நீங்களான்னே தெரியலை” என்று டீச்சர் கையைக் கொடுத்தாள்.

மாமியாருக்கு முட்டி வலி வந்தாலும் வந்தது, ஒரு மாதமாக வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். குளியலறையில் கைப்பிடி வேண்டும் என்றாள், வந்தது. கால் தடுக்குகிறது என்றாள், மிதியடிகள் எல்லாம் பரணுக்குப் போயின. மருமகளின் கையைக் கோத்துக்கொள்ளாமல் அடுத்த அறைக்குக்கூட நகர மாட்டாள்.

கணவன் காரை நிறுத்தப் போனான். மாமியாரை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் கோடியில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டீச்சர் உள்ளே போனாள்.

மருந்து ஏற்றிக்கொண்டே நர்ஸ் கேட்டாள். “அதுக்கப்புறம் எங்கேயாவது விழுந்தீங்களா?”

“விழறதுக்கு எங்க சிஸ்டர் எனக்கு நேரம்? விடிஞ்சா அடைஞ்சா அத்தையைத் தாங்கறதுக்கே சரியா இருக்கு.”

“உங்க உடம்பு இருக்கற இருப்புல இது வேறயா?”

“என்ன பண்றது? பாவம், நான் கையை விட்டா பொத்துனு விழுந்துடுவாங்க.”

சொல்லும்போது டீச்சருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. தலைமுடி போயும், தெம்பு போயும், தன்னை நம்பி ஒரு ஜீவன் நடக்கிறதே.

மருந்து முடிந்தது. “சக்கர நாற்காலி எடுத்துட்டு வரட்டுமா?” என்றாள் நர்ஸ்.

“ஐயோ, வேண்டாம். அத்தை எழுந்திருக்கவே நான் போனாத்தான் உண்டு.”

வெளியே அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தார்கள். பாதித் தாழ்வாரம் தாண்டியதும் டீச்சருக்குத் தலை கிறுகிறுத்தது. கால் சறுக்கியது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் சுவர்கூட இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தரையில் மோதவில்லை. இரண்டு கைகள் அவளை இடுப்போடு வளைத்துத் தாங்கிக்கொண்டன.

கண்ணைத் திறந்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. கோடியிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடி வந்த மாமியார், மருமகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி கல்லுமாதிரி நின்றிருந்தாள். ஒரு மாதமாக யார் யாரைத் தாங்கி நடந்தார்கள் என்பது அப்போதுதான் உறைக்க, டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஐயோ... என் முட்டி!” என்று, ரொம்பத் தாமதமாக ஞாபகம் வந்து முனகினாள் மாமியார்.