ஆறாவது சாம்பிள்

"ஏனுங்க டாக்டர், இத்தன மாத்திரை தின்னும் சளியில கிருமி இருக்குதுங்கறீங்க. கைக்கொழந்தையப் பார்த்து நாலு மாசமாச்சுங்க," என்றாள் காசநோய் வார்டில் இருந்த சரசாள், பஞ்சாலையில் நூல்கோன் சுற்றுபவள்.

டாக்டர் சென்னையிலிருந்து வந்த ரிப்போர்ட்டைப் பிரித்தார். "கிருமியோட மரபணுவையே பார்த்துட்டாங்க அம்மணி. இது காசநோய்க் கிருமியில்லை, அதோட பங்காளி. அனுப்புன ஆறு சாம்பிள்லயும் ஒரே ரகம்."

"வார்டுல அஞ்சு பேருதானுங்களே? ஆறாவது யாருங்க?"

"வராந்தாக் குழாய்த் தண்ணி. சளி குடுக்கறதுக்கு முன்னால எல்லாரும் அதுலதான வாய் கொப்புளிச்சீங்க? கிருமி உங்க நெஞ்சுல இல்ல, தண்ணித் தொட்டியில இருந்து வந்து சளியோட கலந்திருக்கு. எக்ஸ்ரேலயும் உங்க நெஞ்சு சுத்தம். ஊட்டுக்குப் போயி கொழந்தையத் தூக்குங்க."

சரசாள் அழுதுவிட்டாள். முகம் கழுவ வராந்தாக் குழாய்க்குப் போனவள், திறக்கப்போன கையை இழுத்துக்கொண்டு, முந்தானையாலேயே துடைத்துக்கொண்டாள்.