ஏற்றிய படம்

"என் புள்ள உசுரோடதான் இருக்கான் தம்பி. பாத்தவங்களே சொல்றாங்க!"

தையல்காரம்மா அந்த அலுவலகத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. காணாமல் போன குழந்தைகளுக்கான இணையதளத்தைக் கட்டியவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். அங்கே எல்லாருக்கும் அவன் 'சைட்டுக்காரன்'. அவளுடைய ஏழு வயது மகனின் விவரமும் படமும் அந்த சைட்டில் ஏறிப் பல மாதங்கள் ஆகின்றன.

"யாரு பாத்தாங்கக்கா?"

"சைட்டுல படத்தைப் பாத்துட்டு ஆள் மாத்தி ஆள் போன் பண்றாங்க. தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துப் பூங்காவுல சாயங்காலம் ஊஞ்சல் ஆடுறானாம். ஒரு ஆளு வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறானாம்."

"நீங்க போய்ப் பாக்கலையா?"

"பாக்காம? தைக்கிற வேலையப் போட்டுட்டு ரெண்டு மூணு சாயங்காலம் அங்கயே கெடந்தேன். எத்தனையோ புள்ளைங்க வருது. என் புள்ள மட்டும் கண்ணுல படல. அந்த ஆளு உஷாராகிட்டான் போல. பெத்த வயிறு பத்தி எரியுது தம்பி. அவன் நல்லா இருப்பானா? நாசமாப் போவான்!"

சைட்டுக்காரனும் பிள்ளை பெற்றவன்தான். மனசு கேட்கவில்லை. "எனக்கும் வீடு அந்தப் பக்கந்தான். நானும் ஒரு கண்ணு வச்சிக்கிறேங்க்கா."

"புண்ணியமாப் போகும் சாமி. இப்ப அந்தப் படத்த மட்டும் பெருசா ஒண்ணு எடுத்துக் குடு. ஸ்டேஷன்ல குடுத்தத அவங்களே தொலச்சுட்டு, வேற கொண்டாங்கறாங்க. என் போனும் தண்ணியில விழுந்து, அதுல இருந்த படமெல்லாம் போச்சு. உங்கிட்ட இருக்கறது ஒண்ணுதான் மிச்சம்."

"அதெல்லாம் பத்திரமா இருக்குக்கா."

டேட்டாபேஸில் பையனின் பெயர், கழுத்து மச்சம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை எல்லாம் இருந்தன. படத்துக்கு மட்டும் அங்கே வெறும் பெயர்தான். படம் தனியாக ஒரு போல்டரில் கிடக்கும். 'போட்டோ ஒன்று' என்று, அவள் விவரம் பதியப் போன கம்ப்யூட்டர் சென்டரில் யாரோ பெயர் வைத்து ஏற்றியிருந்தார்கள். அதைத் தட்டினான்.

படம் திறந்தது. அது அவள் மகனின் படம் இல்லை.

அதே பெயரில் இன்னொரு படம் வந்தால், பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அதைத் தடுக்கும் வரியை எழுத மறந்திருந்தான். பதறிப்போய் பேக்கப்பைத் திறந்தான். அங்கேயும் பழையது போய்ப் புதியதுதான் இருந்தது. இனி அந்தப் பையனின் முகம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

"வந்துடுச்சா தம்பி? இந்தப் பக்கம் திருப்பு. என் ராசாவ ஒரு தடவ பாத்துக்கறேன்."

அவன் திருப்பவில்லை. சைட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, கைக்குக் கிடைத்ததென்று என்றைக்கோ அதே 'போட்டோ ஒன்று' என்ற பெயரில் அவன் ஏற்றிய அவனுடைய சொந்த மகனின் படம், அவள் மகன் பெயருக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் பூங்காவுக்கு வந்து பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் அந்த ஆள், அவனேதான்.