ஐந்தைத் தொடாத பிராசஸர்

"போச்சா?"

எட்டாவது தடவையாகக் கம்ப்யூட்டர் அணைந்தபோது, கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"போச்சு" என்றாள் அவள்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் வேலை. பழைய கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் உயிரை வாங்கியதால், உதிரிப் பாகங்களை வாங்கி வந்தாள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, திருப்புளியும் கையுமாகத் தானே புதிதாக ஒன்றை மாட்டி முடித்தாள். ஓடவும் ஓடியது. வினை அதற்குப் பிறகுதான்.

கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான பிராசஸரின் சாதாரண வேகம் நாலு கிகாஹெர்ட்ஸ். செட்டிங்கை மாற்றி முடுக்கிவிட்டால் ஐந்து வரை ஓடும். ஓவர்கிளாக் என்பார்கள். அதே பிராசஸரை ஊரே ஐந்தில் ஓட்டுகிறது. இவளுடையது மட்டும் நாலே காலைத் தாண்டினாலே கொதித்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்கிறது.

"அதும்பாட்டுக்கு ஓடட்டுமே. எருமையைப் போய் ஏன் குதிரையாக்கப் பாக்கறே?"

"இது குதிரைதாங்க. குதிரைன்னு சொல்லித்தான் வித்தாங்க."

"குதிரை சரி. லாடம் அடிச்சது யாரு?"

அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதற்கும் மார்க் போடாமல் அவருக்குத் தூக்கம் வராது.

"உன் பொறுமைக்கு நூறு. மாட்டின வேலைக்கு... சரி, கருணை மார்க் சேர்த்து முப்பத்தஞ்சு."

அவள் பல்லைக் கடித்தாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, அண்ணன் சொல்லிச்சு. உங்க கம்ப்யூட்டர் மேல துணியை விரிச்சா இஸ்திரியே போட்டுடலாமாமே!"

போனை வைத்ததும் அவள் சொன்னாள்: "நாளைக்குக் கடைக்குப் போறோம்."

"தாராளமா! தப்பு யார் மேலன்னு தெரிஞ்சுடுமில்ல?" கணவருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை மாதிரி அவரே தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்காரருக்கு நடுத்தர வயது. சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் திருப்புளி.

அவள் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள்.

"நீங்க குடுத்த பிராசஸர் மட்டம். ஒரு வாரமா என்னைப் பாடாப் படுத்துது. நல்லதையெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துட்டு, பொம்பளைதானே, இவளுக்கு என்ன தெரியப்போகுதுன்னு எவனோ கழிச்சுப் போட்டதை என் தலையில கட்டிட்டீங்க!"

"சார், பதறாதீங்க" என்று கணவர் குறுக்கே வந்தார். "மாட்டினது என் வீட்டம்மாதான். குறை எங்கேன்னு நீங்க நல்லாப் பாத்து, என் முன்னாலயே சொல்லுங்க. அதைக் கேக்கத்தான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

கடைக்காரர் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கம்ப்யூட்டரைத் தட்டிக்குப் பின்னால் எடுத்துப்போனார்.

திருகாணி கழலும் சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கணவர் மேஜைமேல் விரலால் தாளம் போட்டார்.

தட்டிக்கு மேலே கடைக்காரரின் தலை எட்டிப் பார்த்தது.

"மேடம், இதை மாட்டினது நீங்களேதானா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"அவளேதான்! நான் தொடக்கூட இல்லை" என்று முந்திக்கொண்டார் கணவர்.

"ஒயரையெல்லாம் எவ்வளவு அழகா இழுத்துக் கட்டியிருக்கீங்க! இதே பொழப்பா இருக்கற எனக்கே இப்படி வராது."

தாளம் நின்றது.

"பிராசஸர்லதான் கோளாறு மேடம். தப்பு எங்க மேல. மாத்திக் குடுத்துடறேன்."

ஒரு வார ஆத்திரம் முழுதும் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "நான் வந்து கேக்கலைன்னா அப்படியே ஏமாத்தியிருப்பீங்க, இல்லே?"

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"உங்க மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது? இனி இந்தக் கடை வாசப்படியை மிதிக்க மாட்டேன். தெரிஞ்சவங்க பத்துப் பேர்கிட்டயும் சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க மேடம்" என்றார் அவர் சாந்தமாக. அரைமணி கழித்துக் கம்ப்யூட்டரையும் ஒரு கவரையும் கொண்டுவந்தார். கவரைக் கணவரிடம் தராமல் அவள் கையில் கொடுத்தார்.

"கியாரண்டி கார்டு. நம்பர் சரியா இருக்கான்னு வீட்ல போய் நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க."

வீட்டில் மாட்டியதும் ஆணி அடித்தது போல வேகம் ஐந்தில் போய் நின்றது. ஒரு மணி நேரம் போட்டு வாட்டினாள். அசையவில்லை. கொதிக்கவும் இல்லை.

கணவர் அதற்குள் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார். "உன் அண்ணி மாட்டினதுல ஒரு பழுது இல்லையாம்! கடைக்காரனே அசந்துட்டான். நான்தான் அப்பவே சொன்னேனே, தப்பு அவன் மேலதான்னு!"

அவள் சிரித்துக்கொண்டே கவரைப் பிரித்தாள். கார்டிலிருந்த நம்பரை பிராசஸரின் பழைய டப்பாவோடு வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். இரண்டும் ஒரே நம்பர்.

கவரிலிருந்து தபால்தலை அளவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் நழுவி மடியில் விழுந்தது. அதில் பொடி எழுத்தில், 'மாட்டும் முன் உரிக்கவும்.'

காது மடல் சுட, கார்டைத் திருப்பினாள். பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது:

'மேடம், நான் பிராசஸரை மாத்தலை. இந்தத் தாள் பிராசஸர் மேல உக்கார்ற ஃபேனுக்கு அடியிலேயே ஒட்டியிருந்துச்சு, அதான் சூடு இறங்கலை. முதல் தடவை நானும் இதை உரிக்க மறந்தவன்தான். பன்னிரண்டு வருஷமாச்சு, என் சம்சாரம் இன்னும் சிரிப்பை நிறுத்தலை.'