மஞ்சள் பல்பு

"நானூத்திப் பன்னெண்டு இருந்ததுலே, இப்ப இருபத்தாறு!" இசக்கிமுத்து கத்திக்கொண்டே ஸ்கிரீன் அறைக்குள் நுழைந்தான்.

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் துணியில் படம் அச்சடிக்க ஸ்கிரீன் தயாராகும் அறை அது. வெள்ளை வெளிச்சம் பட்டால் ஸ்கிரீனில் பூசிய மருந்து கெட்டுவிடும். அதனால் பட்டப்பகலிலும் ஜன்னலை அடைத்து மஞ்சள் பல்புதான்.

உள்ளே மொக்கைச்சாமி நிற்கிறானா என்று இரண்டு தரம் பார்க்க வேண்டியிருந்தது. சுவரும் அவனும் ஒரே நிறம்.

"எல்லாம் நான் அரைச்சுக் குடுத்த கீழாநெல்லி மாப்ள" என்று சிரித்தான்.

இசக்கிமுத்துவுக்கு இது இரண்டு மாதப் பாடு. ஈரல் என்சைம் எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது என்று கம்பெனி மருத்துவ முகாம் சீட்டு வந்த நாளிலிருந்து எண்ணெய் இல்லை, கறி இல்லை, வேளைக்கு இரண்டு மாத்திரை. குடிக்கிற பழக்கமே இல்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்தும் டாக்டர் நம்பவில்லை. பெண்டாட்டி வேல்விழி தூங்கும்போது வாயை முகர்ந்து பார்த்தாள்.

நம்பியவன் மொக்கைச்சாமி ஒருவன்தான்.

தன் சோற்றையும் இவன் பக்கம் தள்ளிவிடுவான். எனக்குப் பசியில்லை, நோயாளி நீ தின்னு என்பான், கையைச் சொறிந்துகொண்டே. காண்ட்ராக்ட் ஆள். விடியுமுன் உள்ளே வந்தால் இருட்டிய பிறகுதான் வெளியே. இப்போதெல்லாம் டீக்குக்கூட வருவதில்லை, வெயிலில் கிறுகிறுக்கிறதாம்.

பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினான் இசக்கிமுத்து. அப்போதுதான் பழைய சீட்டில் ரத்தம் எடுத்த தேதி கண்ணில் பட்டது.

"லேய், முகாம்ல நான் ரத்தம் குடுத்தது புதன்கிழமைலா? இதுல வெள்ளின்னு போட்டிருக்கு."

வெள்ளிக்கிழமை அவன் ஊரில் அம்மன் கோயில் கொடை விழாவில் இருந்தான்.

"ஒன் ரத்தம் இருந்த குழாய் ஒடஞ்சு போச்சு மாப்ள. ஆடிட்டுக்குள்ள பேப்பர் வேணும்னு சூப்பர்வைசர் ஒன் பேர்ல என்னைய உக்கார வச்சு எடுத்தாரு. கம்பெனி ரோல்ல பேரு இல்லாதவனுக்கு டெஸ்டா எடுக்கப் போறாங்க, ரத்தம் சும்மாதான கெடக்குதுன்னு குடுத்தேன்."

கல்லைத் தின்றாலும் செரிக்கிறவன் என்று பேரெடுத்தவன். சீட்டில் யார் பேர் இருக்கிறதோ நோயும் அவனுக்குத்தான் என்று இருந்துவிட்டான்.

இசக்கிமுத்து மொக்கைச்சாமியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.

"என்னா மாப்ள, கண்ணு கூசுது."

வெளியே உச்சி வெயில்.

மொக்கைச்சாமியின் பனியன் வெள்ளையானது. விஷயம் புரியாமல் சிரித்தான், பல்லும் வெள்ளையாகத்தான் இருந்தது.

கண் மட்டும் அறைக்குள் இருந்த நிறத்திலேயே இருந்தது.