விருப்ப ஊர்

எனக்குத் துரோகம் செய்தவர்களில் முதல் ஆள் எங்கள் ஆலைக் குமாஸ்தா. மற்றவர்கள் எல்லாம் அப்புறம்தான்.

நான் பாய்லர் ஓட்டியவன். கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் படிப்பு. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், மலைமேல் இருக்கும் நகரத்தில் கம்பெனி இன்னொரு ஆலை திறந்தது. அங்கேயா, இங்கேயா, எந்த ஊர் வேண்டும் என்று ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள்.

"மலை ஊர்னு எழுதுங்க ஐயா" என்று குமாஸ்தாவிடம் நீட்டினேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த ஊரில் காலையில் போட்ட சட்டையைப் பத்து மணிக்குப் பிழியலாம். அந்த ஊரில் நடுப்பகலில் பேசினால்கூட வாயில் புகை வரும். நாள் முழுக்க நெருப்பு முன்னால் நிற்கிறவனுக்கு எது சொர்க்கம்?

"காரணம் கேட்டிருக்காங்களேப்பா."

"குளிர்னு போடுங்க. அதைவிட என்ன காரணம் வேணும்?"

சிரித்துக்கொண்டே எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மலை ஊர் பாய்லருக்குப் போனது குமாஸ்தாவின் சொந்த மச்சான். நான் இதே ஊரில், இதே நெருப்பு முன்னால் இருபத்தெட்டு வருஷம் வெந்தேன்.

அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் நான் ஒரே ஆள் படித்து நம்பியதில்லை. மருந்துச் சீட்டைக்கூட மூன்று பேரிடம் காட்டுவேன். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னால், சேர்ந்து பேசி வைத்துக்கொண்டார்களோ என்று தோன்றும்.

வீட்டில் குமாஸ்தாவைத் திட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. மனைவி தண்ணீரை நகர்த்தி வைப்பாள். கூடச் சேர்ந்து ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். அவளுக்கு அவ்வளவாக ரோஷம் கிடையாது.

போன வாரம் ஆலையில் பழைய காகிதங்களைக் கழித்தார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் படிவம் கிடைத்தது. மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தேன்.

விருப்ப ஊர் என்ற இடத்தில் இந்த ஊர் பேர்தான் இருந்தது. காரணம்: வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது.

வெயில்! எனக்கு!

சாட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டேன்.

"பழைய கதை எதுக்குங்க இப்போ? அவருக்கும் வயசாச்சு."

"துரோகிக்கு என்ன வயசு? செருப்பை மாட்டு."

"நாளைக்குப் போலாமே. வெளியில வெயில் கொளுத்துது."

"அதான் எனக்கு ஒத்துக்குதாமே, வா!"

குமாஸ்தா கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வா பாய்லர்! நீயும் உட்காரும்மா."

நான் உட்காரவில்லை. படிவத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

"யார் எழுத்து?"

"என் எழுத்துதான்."

"நான் எந்த ஊர் சொன்னேன்?"

"மலை ஊர்."

"அப்புறம்?"

"மச்சானுக்காக மாத்தி எழுதிட்டேன். நீ நினைச்சது சரிதான். போதுமா?"

முப்பத்தோரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் இவ்வளவு சுலபமாகவா வரும்? தப்பு செய்தவன் ஒப்புக்கொள்கிற மாதிரி இல்லை. ரயில் வரும் நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"உங்க மச்சான் நல்லா சொகுசா இருந்தாராக்கும்?"

"சொகுசா? வருஷத்துல எட்டு மாசம் மூக்கைச் சிந்திக்கிட்டே இருந்தான். துவைச்ச துணி நாலு நாளானாலும் காயாதாம். என்னைத் திட்டாத நாளே இல்லை."

"பேச்சை மாத்தாதீங்க. மன்னிப்புக் கேளுங்க."

"அதை மட்டும் கேக்க மாட்டேன்."

"ஏன்?"

அவர் பேப்பரைக் கையில் எடுத்தார். தெருவுக்கே கேட்கும்படி "துரோகி" என்றேன்.

"போதும்!" என்றாள் என் மனைவி. "அண்ணே, இனிமே நீங்க திட்டு வாங்க வேண்டாம். ஏங்க, அப்படி எழுதச் சொன்னது நான்தான்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"சின்ன வயசுல அந்த ஊர்ல எங்க அத்தை வீட்டுக்குப் போனேன். ரெண்டாம் நாளே மூச்சு இழுத்துக்கிச்சு. பொழைச்சதே பெரும்பாடு. இனிமே அந்தக் குளிர்ல காலே வைக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். கல்யாணத்தப்போ எங்க வீட்ல இதை மறைச்சுட்டாங்க. இந்த ஊர் வெயில்ல எனக்கு ஒரு தடவைகூட இழுத்ததில்லை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? ஏணியை வாங்கிட்டுப்போய் உடைச்சுட்டார்னு கூடப்பிறந்த அண்ணன்கிட்டயே பேசாம இருந்தீங்க. அப்பவே அதுக்கு ஒன்பது வருஷம் ஆயிருந்துச்சு."

"அது நல்ல ஏணி" என்றேன்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"படிவம் கொடுக்கறதுக்கு முந்தின நாளே இந்தப் பொண்ணு ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு, பாய்லர். 'அவர் கேட்ட ஊர் கிடைக்கலைன்னா ஆயுசுக்கும் யார் மேலயாவது கோபத்தை வச்சுக்கிட்டே இருப்பாரே'ன்னு ஒரே பயம். 'அது என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்மா, நான் என்ன அவன்கூடக் குடித்தனம் பண்ணவா போறேன்'னு சொல்லி அனுப்பினேன்."

நான் படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் வாசல் வரைக்கும் வந்தார். வெயிலாக இருக்கிறது என்று என் மனைவி கையில் ஒரு குடையைக் கொடுத்தார். பார்த்துப் போகச் சொன்னார்.

மன்னிப்பு மட்டும் அவர் இன்றுவரை கேட்கவில்லை.