மக்கு தேறவில்லை

ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாத ஓர் இயந்திரம் கொடுத்திருந்தார்கள். பிள்ளைதான் அதற்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். தேறிவிட்டால் அது வேறு பள்ளிக்குப் போய்விடும். சுடர்க்கொடியின் 'மக்கு' மட்டும் வகுத்தலில் தேறவேயில்லை.

"உனக்குத்தான் கணக்கு நல்லா வருமே. அதுக்கு ஏன் தப்புத் தப்பாச் சொல்லித்தர்ற?" என்று கேட்டார் அமலி டீச்சர்.

"தேறுனா போயிருமே டீச்சர். அம்மா வேலைக்குப் போனப்புறம் வீட்டுல அதுதான் எங்கூடப் பேசும்."

டீச்சர் மக்குவைத் தனியே கூப்பிட்டார். "பன்னெண்டை மூணால வகுத்தா எவ்வளவு?"

"நாலு. அவ தப்பாச் சொல்லச் சொல்ல, சரி எதுன்னு நானே கண்டுபிடிச்சிட்டேன்," என்றது அது. "ஆனா பரீட்சையில அஞ்சுன்னுதான் எழுதுவேன். அவகிட்ட சொல்லிராதீங்க."

மறுநாள் அந்த அஞ்சைச் சிவப்பு மையில் சுழித்தபோது டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது.