போன விமானம்

விமானத்தில் ஓர் இருக்கை குறைந்தது.

அரச தரப்புச் சட்டத்தரணியான அவள் இறங்கிக்கொண்டாள்.

யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. நீதிபதி தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குத் திடீரென்று தன் கையுறையில் ஏதோ வேலை வந்துவிட்டது. விமானி மட்டும் ஒளிவுமறைவு இல்லாத ஆள். வானத்தைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

பின் இருக்கையில், காவலருக்குப் பக்கத்தில், விலங்கிட்ட கைகளை மடியில் வைத்தபடி ஜொவனாசி உட்கார்ந்திருந்தான். அவள் விட்ட இருக்கை அவனுக்குப் போயிற்று.

காலையில் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு நடந்த நீதிமன்றம் அது. ஊர் லொக்கப்பில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருந்தது. ஆளைப் பூட்டிவைக்க இடமில்லை. நீதிபதி யோசித்து உத்தரவிட்டார். இன்றைய விமானத்தில் தெற்கே சிறைக்குக் கொண்டுபோக முடிந்தால் மறியல். முடியாவிட்டால் பிணை. மனைவியின் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்த ஊரில் எல்லா வீடும் எல்லா வீட்டுக்கும் பக்கம்தான்.

அவன் மனைவி லீத்தியா சாட்சிக் கதிரையில் இருந்தபோது, இடது கண்ணை அவளால் முழுதாகத் திறக்க முடியவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் உங்களுக்குப் பயமா என்று கேட்கப்பட்டது. லீத்தியா புருவங்களை உயர்த்தினாள்.

இந்தப் பக்கத்தில் அது 'ஓம்'. மூக்கைச் சுருக்கினால் 'இல்லை'. வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு வழக்கையே கோட்டைவிட்டவள் இந்தச் சட்டத்தரணி. இப்போது பிழை விடுவதில்லை. சாட்சி ஆம் என்கிறார் என்று பதிவுக்காக உரக்கச் சொன்னாள்.

அரச தரப்புச் சட்டத்தரணியாக இந்த வடகோடி ஊர்களுக்கு வருடக்கணக்காக வந்து போகிறாள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு லீத்தியா இருந்தாள். ஒவ்வொருத்தியிடமும், பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். சொல்லிவிட்டுப் பின்னேரம் விமானம் ஏறினாள்.

"நீங்கள் எல்லாரும் பிளேனில வருவியள். பிளேனில போவியள்."

காலையில், மண்டபத்துக்குள் போகுமுன் லீத்தியா சொன்னது. குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்குக் காற்று வடக்கே இருந்து என்பதைப் போலச் சொன்னாள்.

அதுதான் அவளை இறக்கிவிட்டது.

விமானம் ஓடி, எழும்பி, மேகத்துக்குள் போயிற்று.

அந்தச் சத்தத்தை அவள் எப்போதும் உள்ளே இருந்துதான் கேட்டிருக்கிறாள். கீழே நின்று இன்றுதான் கேட்டாள். குறைந்துகொண்டே போயிற்று. பிறகு காற்று மட்டும் இருந்தது.

அவளுக்குப் பயம் பிடித்தது. இவ்வளவு நாளும் இது தெரியாமல்தானே பேசினேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

கைபேசி அடித்தது. டொரொன்டோவிலிருந்து அம்மா.

"பிளேன் ஏறிட்டியோ பிள்ளை?"

"ஏறிட்டன் அம்மா."

மதியம் சற்றுத் தாண்டியதுதான். அதற்குள் இருட்டிவிட்டது. மாரிக் குளிரில் இந்த ஊருக்குச் சூரியன் எட்டிப் பார்ப்பதோடு சரி.

சாட்சியின் வீட்டுக்குத் தனியே போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். போனாள்.

கதவைத் தட்டியதும் உள்ளே எதுவோ பாரமாக இழுபட்டது. நெடுநேரம் இழுபட்டது. பிறகு கதவு ஒரு கை அளவுக்குத் திறந்தது.

"போயிட்டார். என்ரை கண்ணால பார்த்தனான்" என்றாள் வெளியே நின்றவள்.

லீத்தியா அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். பிறகுதான் வழிவிட்டாள்.

இழுபட்டது சோபா. கதவிலிருந்து சுவர் வரைக்கும் தரை விரிப்பில் இரண்டு கோடுகள் தேய்ந்து கிடந்தன. ஒரு நாளில் விழுந்த கோடுகள் இல்லை.

லீத்தியா சோபாவைத் திரும்பத் தள்ளவில்லை. அறைக்கு நடுவில் அப்படியே விட்டாள். கதவுக்கு முன்னால் ஒன்றும் இல்லாமல் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரித்தாள். வீங்கிய கண் நொந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தேநீர் கொதித்தது. ஆளுக்கொரு கோப்பையோடு அறை நடுவில் கிடந்த சோபாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். சீனி அதிகம். அவள் மிச்சம் வைக்காமல் குடித்தாள். பயம் மெல்ல மெல்ல விட்டது. செய்தது சரிதான் என்று முதல்முறையாக நினைத்தாள்.

லீத்தியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

சட்டத்தரணிக்கு முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு காற்றுக்குள் இன்னொன்றும் கேட்டது.

அது குறையவில்லை. கூடிக்கொண்டு வந்தது.

இந்த ஊரில் பிறந்தவர்கள், மேகத்துக்கு மேல் போகிற விமானம் எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். வானிலை சரியில்லாமல் போன விமானம் திரும்பி வருவதும் அவர்களுக்குப் புதிதில்லை.

வேறு விமானமாகத்தான் இருக்கும் என்றாள் அவள். அப்படித்தானே என்றும் கேட்டாள்.

லீத்தியா மூக்கைச் சுருக்கினாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் கூரையைத் தாண்டி, ஓடுபாதைப் பக்கமாக இறங்கியது.

லீத்தியாவுக்கு முன் அவள் எழுந்தாள்.

சோபாவின் ஒரு முனையைப் பிடித்தாள்.